துலக்கின காசு

டீயில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல். பரவாயில்லை, கேட்டதும் வாங்கி வரச் சொன்னீர்களே, அதுவே பெரிய விஷயம். எங்கள் வீட்டில் கேட்டதெல்லாம் கிடைத்தது என் தங்கைக்குத்தான்.

அந்தக் காசை அப்படிக் குப்புறப் போடாதீர்கள் ஐயா. இரண்டு விரலால் விளிம்பைப் பிடித்து எடுங்கள். அது அப்பா எனக்குக் கொடுத்தது. பழைய வெள்ளி, ஒரு பக்கம் யாரோ ஒரு ராணியின் முகம். அப்பா படுக்கையில் கிடந்தபோது எங்கள் இருவரையும் கூப்பிட்டார். வீட்டைச் சின்னவள் பெயருக்கு எழுதியாகிவிட்டது என்றார். அவளுக்கு மூச்சிழுப்பு நோய், கல்யாணமும் கூடிவரவில்லை, பாவம் என்றார். எனக்கும்தான் கூடிவரவில்லை. அது அவர் நினைவுக்கு வரவில்லை. என் கையில் இந்தக் காசை வைத்து, "பெரியவளுக்குத்தான் எதையும் பத்திரமா வெச்சிருக்கத் தெரியும்" என்றார். என்னைப் பற்றி ஒரு மனிதர் வாய் திறந்து சொன்ன ஒரே நல்ல வார்த்தை அதுதான். நான் அதை வைத்துக்கொண்டுதான் இத்தனை வருஷம் ஓட்டினேன்.

காலையில் எழுந்ததும் டப்பாவைத் திறப்பேன். காசை எடுத்து, கைக்குட்டையால் ஒரு துடை துடைத்து, கன்னத்தில் ஒற்றிக்கொண்டு, திரும்ப வைப்பேன். பல் தேய்ப்பதெல்லாம் அதற்கப்புறம்தான்.

தங்கைக்கு இது கேலி. அது வெள்ளிதானா என்று எங்கேயாவது காட்டிக் கேளேன் என்றாள் ஒரு நாள், பாத்திரத்தைத் துலக்கிக்கொண்டே. அவளுக்கு எதையாவது துலக்கிக்கொண்டே இருக்கவேண்டும். குழாய், கதவுக் கைப்பிடி, சுவிட்ச், எது கண்ணில் பட்டாலும் பளபளவென்று ஆகவேண்டும். பக்கத்து வீட்டம்மா அவளைப் புகழாத நாள் கிடையாது. மூன்று வேளையும் அடுப்படியில் வெந்தவள் நான்.

மார்க்கெட் தெருவில் பழைய காசு விற்கும் கடைக்குப் போனேன். கடைக்காரர் கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டேதான் ஆட்களிடமும் பேசுவார். காசை விளக்கடியில் ஒருமுறை சாய்த்துப் பார்த்துவிட்டு, "வெள்ளிதான். ஆனா துலக்கின காசு, மதிப்பு போயிடுச்சு" என்று என் பக்கம் தள்ளினார். எனக்கு முகத்தில் அறைந்தமாதிரி இருந்தது. என் கண்ணால் பார்க்காமல் நம்பமாட்டேன், பார்க்கக் கற்றுக்கொடுங்கள் என்றேன். அவருக்கும் மூட்டை மூட்டையாக வந்த காசைத் தரம் பிரிக்க ஆள் இல்லை. வேண்டா வெறுப்பாகச் சம்மதித்தார். காசின் முகத்தில் விரல் பட்டால் பென்சிலால் என் விரல் முட்டியில் தட்டுவார். தட்டட்டும், அவர் யாருக்கும் சலுகை காட்டுகிறவர் இல்லை.

நன்றாகவே கற்றுக்கொண்டேன். காசில் முதலில் தேய்வது மேடான இடம்: கன்னம், புருவம், காதுக்கு மேல் வாரிய முடி. முடி இழை இழையாகத் தெரிந்தால் அது கைபடாத காசு. கன்னம் மட்டும் மழுங்கியிருந்தால் கொஞ்சம் புழங்கியது. முகம் வழித்துவிட்டமாதிரி இருந்தால் ஊரெல்லாம் சுற்றி வந்தது. கறுத்திருப்பது குற்றமில்லை, அது வெள்ளியின் வயசு. நல்ல காசைச் சாய்த்தால் வெளிச்சம் அதன்மேல் சுற்றி ஓடும். துலக்கினதில் வெளிச்சம் நின்ற இடத்திலேயே நிற்கும். லென்ஸில் பார்த்தால் மயிரிழை மாதிரி கோடுகள் தெரியும். பவுடர் போட்டுத் தேய்த்தால்தான் கோடு விழுமா என்று கேட்டேன்.

"மெத்துத் துணி போதும்மா. துணியில இருக்கிற தூசியே கீறிடும்" என்றார்.

சரி என்று தலையாட்டிவிட்டு வேலையைப் பார்த்தேன்.

ஒரு மத்தியானம் என் காசை நானே லென்ஸில் வைத்தேன். ராணியின் கன்னம் முழுக்கக் கோடு. யார் வேலை என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. வீட்டில் துலக்குகிற கை ஒன்றுதானே.

அவளிடம் கத்தவில்லை. எதற்காக இப்படிச் செய்தாய் என்று மட்டும் கேட்டேன். அவள் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"நான் அதைத் தொட்டதே இல்லக்கா. நீதான் தினமும் தேய்ச்சுத் தேய்ச்சு வைக்கிற. அப்பா இருந்தா சிரிச்சிருப்பாரு."

வேறு எந்தப் பொய் சொல்லியிருந்தாலும் விட்டிருப்பேன். அப்பாவை இழுத்திருக்கக் கூடாது. வீடு அவளுக்கு, பரிதாபம் அவளுக்கு, பக்கத்து வீட்டம்மாவின் பாராட்டும் அவளுக்கு. என்னிடம் இருந்தது ஒரே ஒரு வார்த்தை. அதையும் பிடுங்கப் பார்த்தாள். எனக்கு அவளைப் பார்க்கவே பிடிக்காமல் போய்விட்டது.

பரண் தூசி படிந்து கிடக்கிறது என்று நான்தான் சொன்னேன். வற்புறுத்தவில்லை. தூசி என்ற சொல் காதில் விழுந்தால் அவளே ஏணியைத் தேடிப் போய்விடுவாள். மாலையில் மூச்சு இழுக்க ஆரம்பித்தது. கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டினாள். இன்ஹேலரை உடனே எடுத்துக் கொடுத்தேன். அதை ஜன்னல் வழியாகப் பார்த்ததாகப் பக்கத்து வீட்டம்மா உங்களிடம் சொன்னாராம். சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். நான் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் போங்கள் என்று அவரை அனுப்பியதும் நான்தான்.

அது ஏன் காலியாக இருந்தது, அலமாரியில் இருந்த இன்னொன்றும் ஏன் காலி என்று காலையிலிருந்து கேட்கிறீர்கள். அதற்கு முதல் நாள் அவள் கடைக்குப் போயிருந்தாள். சமையலறை ஜன்னலில் நின்று, அழுத்தி அழுத்தி, இரண்டையும் வெளியே விட்டுவிட்டேன். நேரம் பிடித்தது. எனக்குப் பொறுமை அதிகம், கடைக்காரரைக் கேட்டாலும் சொல்வார்.

டாக்டருக்குப் போன் செய்யச் சொல்லிச் சைகை காட்டினாள். போனை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தேன். விளக்கு வெளிச்சம் சரியாக அவள் முகத்தில் விழுந்தது. புருவம், கன்னம், காதுக்கு மேல் முடி. அந்த வயசுக்கு அவளிடம் தேய்மானமே இல்லை ஐயா. எல்லாரும் சேர்ந்து அவளை அவ்வளவு பத்திரமாக வைத்திருந்திருக்கிறார்கள். அவள் கண்ணில் வெளிச்சம் அங்குமிங்கும் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு நின்ற இடத்திலேயே நின்றுவிட்டது. அதற்கப்புறம் டாக்டருக்குப் போன் செய்தேன்.

ஆமாம், நான்தான் கொன்றேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். கோபத்தில் நிதானம் தவறிவிட்டேன் என்று மட்டும் எழுதாதீர்கள், என்னை அறிந்தவர்கள் நம்பமாட்டார்கள். ஒரு பொருளைக் கெடுத்தவளுக்கு அதன் அருமை தெரியவேண்டும், அவ்வளவுதான்.

பாருங்கள், பேச்சு சுவாரசியத்தில் ராணியின் கன்னத்தில் உங்கள் விரல் பட்டுவிட்டது. ஐயோ, நீங்கள் துடைக்காதீர்கள், உங்களுக்குத் தெரியாது. இப்படிக் கொடுங்கள். என் கைக்குட்டை இருக்கிறது. தினமும் நான்தானே துடைக்கிறேன்.