ஹோன் இல்லாத பிக்கப்

நிற்கிறது. தோப்பூர் முடிந்து வயல் தொடங்கும் இடத்தில், நடு வீதியில், எங்கள் பிக்கப் நின்றுவிட்டது. சாவியைத் திருப்புகிறேன். ஸ்டார்ட்டர் சுற்றுகிறது. எஞ்சின் பிடிக்கவில்லை. பின்னால், ஊரில் ஷெல் விழுகிறது. முதலில் ஒரு கூவல். பிறகு ஒரு மூச்சு அமைதி. பிறகு நிலம் அதிர்கிறது.

ஓகஸ்ட் மாதம். காலை. வெயில் இன்னும் ஏறவில்லை.

பின்பெட்டியில் ஒன்பது பேர். நடுவில் என் கணவர் ஜவாத். தொடையில் ஷெல் துண்டு. சாரியைக் கிழித்து இறுக்கிக் கட்டியிருக்கிறேன். துணி சிவந்துகொண்டே வருகிறது. கந்தளாய் ஆஸ்பத்திரிக்குப் போனால் பிழைப்பார். அதற்கு மூத்தவள் ஓட வேண்டும். பிக்கப்புக்கு அவர் வைத்த பெயர் அது. கல்யாணத்துக்கு முன்பே வாங்கியது. "உனக்கு முதல் வந்தவள், மரியாதை குடு" என்பார்.

"சாவிய அரைவாசி திருப்பு! அடியில சத்தம் கேக்குதா?" பின்னாலிருந்து கத்தினார்.

பெற்றோல் பம்ப் டிக் டிக் என்று அடிக்க வேண்டும். அழுகையிலும் துஆ ஓதும் சத்தத்திலும் எதுவும் கேட்கவில்லை.

"எல்லாரும் வாயப் பொத்துங்க!"

பொத்தினார்கள். ஷெல் மட்டும் பொத்தவில்லை. டிக் இல்லை.

"பியூஸைப் பாரு புள்ள!"

எரிந்திருந்தது.

"சாவிய மூடிட்டு ஹோன் அடிக்கிறதுக்குள்ள பியூஸைக் கழட்டிப் பம்ப்புக்குப் போடு. பொறு, திருப்பிடாத! பம்ப் இறுகியிருக்கு. சும்மா திருப்பினா இதுவும் எரியும். மத்ததெல்லாம் சின்னது, தாங்காது. நீ அடியில போய்த் தட்டு. தட்டக்குள்ளதான் சாவி திருப்போணும்."

முன்சீட்டில் பக்கத்து வீட்டு மர்ழியா. வாழ்க்கையில் வாகனச் சாவி தொடாதவள்.

"எந்தப் பக்கம் மச்சி? வயல் பக்கமா, ஊர்ப் பக்கமா?"

"வயல் பக்கம்!"

பியூஸை மாற்றிவிட்டு வீல் ஸ்பானரோடு அடியில் ஊர்ந்தேன். எல்லாம் சேறும் துருவும். "எது மச்சான் பம்ப்?" மேலே தகரத்தில் அவருடைய விரல் முட்டி தட்டியது. "இதுக்கு நேர் கீழ!" சரியாக அங்கேதான் இருந்தது, கைப்பிடி அளவு தகர டப்பா.

"மர்ழியா, இப்ப!"

தட்டினேன். அவள் திருப்பவில்லை. ஷெல் வயலுக்குள் விழுந்தது. சேறு மழையாகக் கொட்டியது. "படுங்க! படுங்க!" என்று யாரோ கத்தினார். நான் ஏற்கனவே படுத்துத்தான் கிடந்தேன். பயம் போய்க் கோபம் வந்தது.

"மர்ழியா! சாகிறதெண்டா சாவியத் திருப்பிட்டுச் சா!"

ஓங்கித் தட்டினேன். டிக். டிக். டிக்டிக்டிக்.

ஸ்டீயரிங்கில் ஏறிச் சாவியை முழுக்கத் திருப்பினேன். எஞ்சின் பிடித்தது. அறுவடை முடிந்த வயலில் மட்டும் ஓட்டிப் பழகியவள் நான். "நிப்பாட்டிடாத புள்ள. நிண்டா திரும்ப இறுகும். நான் கெபினில தட்டிற வரைக்கும் எனக்கு ஒண்டுமில்ல."

என் தலைக்குப் பின்னால் தட்டினார். ஓட்டினேன். தட்டினார். தடை மரங்கள் கிடந்தன. வயல் வரம்பால் சுற்றினேன். தட்டினார். சேருநுவர தாண்டியபோது மெதுவாக ஒன்று. பிறகு இல்லை.

மர்ழியா என்னைப் பார்த்தாள். "நிப்பாட்டு மச்சி, பாப்பம்."

நிறுத்தவில்லை. மயங்கியிருக்கலாம். ஆஸ்பத்திரி முன்னால்தான் இருந்தது, பின்னால் இல்லை. நின்றால் மாற்ற இன்னொரு பியூஸ் கிடையாது. பின்னால் இன்னும் எட்டு உயிர். மிதித்தேன்.

ஏன் நிறுத்தவில்லை, கையையாவது பிடித்திருக்கலாமே என்று எத்தனையோ பேர் கேட்டுவிட்டார்கள். அன்றும் இன்றும் ஒரே பதில். நிறுத்தாதே என்று சொன்னவர் அவர். அவர் சொன்னதைக் கேட்டேன். தலை குனிய இதில் ஒன்றுமில்லை.

விற்றுவிடு என்றார்கள். விற்கவில்லை. நெல்லை மில்லுக்கு அதில்தான் ஏற்றுகிறேன். பம்ப்பில் இன்றும் ஹோன் பியூஸ்தான். கடையில் புதியது கிடைக்கும். நான் வாங்கவில்லை. "ஹோன் எதுக்கு, நீ இருக்கிறாய்தானே" என்கிறாள் மர்ழியா. வீதியில் மாடு நின்றால் தலையை வெளியே நீட்டிக் கத்துகிறேன். விலகுகிறது.

கணக்கு இதுதான். வீட்டுக் கூரை போனது. பசுவும் கன்றும் போயின. ஹோன் போனது. பின்பெட்டியில் ஏறியவர்கள் ஒன்பது. கந்தளாயில் உயிரோடு இறங்கியவர்கள் எட்டு. இறங்காதவர் ஜவாத்.

மிச்சம் மூத்தவளும் நானும். இன்று காலையும் தட்டினேன். டிக் என்றாள்.