கொடைக்கானல் ஏரிப் படகு

அறந்தாங்கி பஸ்ஸில் என் முன் சீட்டில், கோட்டைப்பட்டினத்தில் ஏறிய இரண்டு பெண்கள் இருந்தார்கள். ஜன்னலோரம் இருந்தவர் திடீரென்று சொன்னார்: “படகுக்கு இன்சூரன்ஸ் இருந்துச்சாம், மதினி. புதுசு வாங்கிட்டாங்களாம்.”

“ஒங்க மூத்தவன் முழுகிச் செத்தானே, அந்தக் கொடைக்கானல் ஏரிப் படகா?”

“ஆமா. நெஞ்சுல மிதவை கட்டச் சொன்னாங்களாம். கடல்ல பொழைக்கிறவனுக்குக் குளத்துல மிதவையான்னு சிரிச்சானாம். உப்புத்தண்ணி மாதிரி நல்லதண்ணி தூக்கிவிடாதுன்னு அவனுக்குத் தெரியலையே.”

“இப்ப எங்கிட்டுப் போறீங்க?”

“புதுப் படகு ஓட்டச் சின்னவனைக் கூப்பிட்டிருக்காங்க. முன்னால ஒக்காந்து சிரிச்சுக்கிட்டு வாரான் பாருங்க. நானும் கூடப் போறேன்.”

“நீங்க போயி என்ன செய்வீங்க?”

“கரையில நிப்பேன். மிதவை கட்டிட்டுத்தான் அவன் படகுல ஏறணும்.”

“எத்தனை நாளைக்கு நிப்பீங்க?”

“அவன் ஓட்டுற வரைக்கும்.”