வசை வரையச் சொன்னால் வசீகரம் வரைந்தவருக்கு

கண்ணாடிச் சில்லில் கடைவீதியைக் காட்டிய கைவண்ணச் செல்வரே! புகையும் இஞ்சினையும் பொறுமையிழந்த கூட்டத்தையும் புன்முறுவலால் அடக்கிய பெருந்தகையே! பூங்கொடி டூரிங் டாக்கீஸின் ஸ்லைடு ஓவியராகவும் புரொஜெக்டர் ஆபரேட்டராகவும் விளங்கிய, எங்கள் பெருமதிப்பிற்குரிய திரு. சவுரியப்பனார் அவர்களே!

தங்களோடு வெயிலில் வாடி, மழையில் நனைந்து, ஊருக்கு ஊர் டேராவைச் சுருட்டி விரித்து வாழ்ந்த ஊழியர்களாகிய நாங்கள், தாங்கள் பணி நிறைவு பெறும் இந்நாளில் தங்களை வணங்கி நிற்கிறோம். தங்கள் பெருமையைத் தங்கள் முகத்துக்கு நேரே சொன்னால், "போதும், வேலையப் பாருங்க" என்று தாங்கள் எழுந்து போய்விடுவீர்கள். ஆதலால் சற்று நேரம் தங்களை அயலாராக வைத்து, சவுரியப்பனார் என்று ஒருவர் இருந்தார் என்று சபைக்குச் சொல்லப் போகிறோம். கோபியாமல் கேட்டருள வேண்டும்.

சபையோரே! இடைவேளையில் கண்ணாடி ஸ்லைடு வழியே திரையில் விழும் சோப்பு, சீயக்காய், தேயிலை, தலைவலித் தைலம் ஆகிய யாவும் சவுரியப்பனாரின் தூரிகை பெற்ற பிள்ளைகளே. திரையில் ஒளிர்ந்த பொருளை மறுவாரம் கம்பைநல்லூர்ச் சந்தையில் கேட்டு வாங்குவது இச்சுற்று வட்டாரத்தின் வழக்கம். எழுத்தைப் படிப்பவர் சிலர். படத்தைப் பார்ப்பவர் எல்லோரும். ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறோம்: அவருக்கு ஒரே ஒரு முகந்தான் வரைய வரும். எண்ணெய் மின்னும் சுருள்முடி, மலர்ந்த கண், பளிச்சென்ற பல்வரிசை. தலைவலித் தைலத்துக்கு வரைந்தபோதுகூட, வலியால் துடிக்க வேண்டியவர் மாப்பிள்ளைக் களையோடு சிரித்துக்கொண்டிருந்தார்.

இந்த மொட்டுப்பாறையில் முப்பதுகளின் நடுவில் பஞ்சாயத்து போர்டு எலக்‌ஷன் வந்தது. அப்போது போர்டை ஆண்டவர்கள் திரு. மாரப்பன் அவர்களின் கட்சியார். ஓட்டுச் சீட்டுப் போட அவருக்குச் சிவப்புப் பெட்டி. எதிர்த்து நின்றவர் திரு. பெரியண்ணன் அவர்கள், அவருக்குப் பச்சைப் பெட்டி. பெரியண்ணன் மலையோரக் குடியிருப்பிலிருந்து வந்த புதியவர். ஊருக்குள் அவர் முகம் பலருக்குத் தெரியாது.

ஒருநாள் மாரப்பன் டேராவுக்கே வந்தார். அவர் போட்ட ரோட்டையும் கட்டிய சத்திரத்தையும் வரையலாமா என்று சவுரியப்பனார் பணிவோடு கேட்டார்.

"ரோட்டப் போட்டேன்னு சொன்னா எவன் கேக்கறான்? குழி எங்கன்னுதான் கேப்பான். பெரியண்ணன் மூஞ்சில கரியப் பூசுங்க. ஊர்க் கெணத்த வளைக்கறவன்னு எழுதி, பக்கத்துல பச்சப் பொட்டிய வரைங்க."

"அவரு எந்தக் கெணத்தையாச்சும் வளைச்சாருங்களா?"

"இன்னும் இல்ல. போர்டுக்கு வந்தா வளைப்பான்." புறப்படும்போது மாரப்பன் திரும்பி, "டேரா நிக்கறது போர்டு நெலம். பங்குனியோட அனுமதி முடியுது. பாத்துக்கங்க" என்றார்.

சவுரியப்பனாருக்கு அன்று சோறு இறங்கவில்லை. அனுமதி போனால் டேராவை நம்பியிருந்த அத்தனை குடும்பமும் நடுத்தெருவில் நிற்கும். வரைந்தாலோ, முகமறியாத ஒரு மனிதரைத் திருடராக்கிய பாவம் சேரும். அவர் வேதக்கோயிலுக்குப் போய்ச் சிலுவை முன் முழந்தாளிட்டுக் கேட்டுப் பார்த்தார். அங்கும் ஒன்றும் தெளியவில்லை. கடைசியில் வரைந்தார். கயிறு போட்டு வளைத்த கிணறு, பச்சைப் பெட்டி, நடுவில் அவருக்கு வரையத் தெரிந்த அந்த ஒரே முகம்.

முதல் ஆட்டத்திலேயே ஆண்கள் பக்கம் சிரிப்பும் சீட்டியும் கூரையைப் பிய்த்தன. மாரப்பனுக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் பெண்கள் பக்கம் டிக்கெட் கிழிக்கும் நம் தீர்த்தம்மாள் வேறு சேதி கொண்டுவந்தார்.

"அண்ணா, அந்தப் பச்சப் பொட்டிக்காரரு எந்த ஊருன்னு எல்லாரும் கேக்கறாங்க. லட்சணமா இருக்காராம்."

"கெணத்த வளைக்கறவர்னு எழுதியிருக்குதேம்மா."

"அத யாருங்கண்ணா படிச்சா? கெணத்துக்குப் பக்கத்துல நிக்கறாரு, கெணறு வெட்டிக் குடுப்பாருன்னு பேசிக்கறாங்க."

சவுரியப்பனார் பதறிப்போய் மாரப்பனிடம் ஓடினார். இந்த ஸ்லைடு தங்களுக்கு உதவவில்லை, எதிராளிக்கே விளம்பரமாகிறது என்று சொன்னார். மாரப்பன் நம்பவில்லை. டீக்கடையில் ஊரே பெரியண்ணனைத் திட்டுவதாக அவர் ஆட்கள் சொல்லியிருந்தார்கள். அதுவும் பொய்யில்லை; நாங்களே காதால் கேட்டோம். ஒரே ஸ்லைடைப் பார்த்து ஒருவர் திட்டினார், இன்னொருவர் வியந்தார், மூன்றாமவர் "இவ்வளவு பயந்து போய்த் திட்டறாங்கன்னா அந்தாளுகிட்ட என்னமோ இருக்குது" என்றார். சவுரியப்பனார் முகத்தை அவலட்சணமாக்கலாம் என்று கன்னத்தில் ஒரு வெட்டுத் தழும்பு சேர்த்தார். அது கன்னக்குழி போல் விழுந்து இன்னும் அழகாகிவிட்டது.

எலக்‌ஷன் முடிந்தது. மாரப்பன் தோற்றார். அதோடு விஷயம் தெளிந்துவிட்டது என்று நினைப்பீர்கள். இல்லை. டேராவைச் சுற்றிய தெருக்களில், அதாவது ஸ்லைடைத் தினந்தோறும் பார்த்த ஜனங்களிடத்தில், சிவப்புப் பெட்டி நிரம்பி வழிந்தது. சினிமா வாசனையே அறியாத மலையோரக் குடியிருப்புகளில்தான் அது காலியாகக் கிடந்தது. அப்படியானால் ஸ்லைடு ஆளுங்கட்சிக்கு உதவியதா? அல்லது அந்தத் தெருக்கள் எப்போதுமே மாரப்பனுக்குப் போடுகிற தெருக்கள்தானா? மலையோரத்தார், தங்கள் ஊர்க்காரரை மாரப்பன் கட்சியார் ஏசிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டு, ரோஷப்பட்டுப் போட்டார்களா? சவுரியப்பனார் கரண்ட் இஞ்சின் பக்கத்தில் உட்கார்ந்து இப்படியும் அப்படியும் யோசித்துத் தலையைப் பிடித்துக்கொண்டார். யோசிக்க யோசிக்க எங்களுக்கும் தலை சுற்றியது.

பங்குனி பிறந்தது. அனுமதி புதுப்பிக்க வேண்டிய சமயத்தில் தோற்ற மாரப்பன் மறுபடி வந்தார். திட்டப் போகிறார் என்று நாங்கள் நடுங்கினோம். அவரோ சவுரியப்பனாரைத் தனியே அழைத்துக் குரலைத் தாழ்த்தினார்.

"எனக்கும் அதே மாதிரி ஒண்ணு வரைங்க."

"யாரத் திட்டி வரையறதுங்க?"

"என்னையத்தான். அந்தப் பல்லு, அந்த முடி, கன்னத்துல குழி, எல்லாம் வரணும். அடுத்த தபா நான் ஜெயிக்கோணும்."

சவுரியப்பனார் ஸ்லைடுக் கண்ணாடி ஒன்றைக் கையில் எடுத்தார். பிறகு, "என்ன குத்தமுன்னு எழுதட்டுங்க?" என்றார்.

"பொய்யா எதையாச்சும் எழுதுங்க. நெசத்த எழுதினா எங்கூட்டுக்காரங்களே போட மாட்டாங்க."

அந்த வாரமே, இப்போது போர்டை ஆளத் தொடங்கிய பெரியண்ணன் கூப்பிட்டனுப்பினார். சவுரியப்பனார் மடித்துக் கட்டிய வேட்டியை அவிழ்த்துவிட்டுக்கொண்டு போய் நின்றார். தம்மைத் திருடராக வரைந்தவரைப் பெரியண்ணன் ஏற இறங்கப் பார்த்தார்.

"எங்கூட்டுக்காரி ஆட்டம் பாக்க வந்தாங்க. என்னைய இவ்வளவு அழகா அவங்க பாத்ததே இல்லையாம்" என்றார். பிறகு முகத்தை இறுக்கிக்கொண்டார். "இப்ப நாங்க ஆளுறோம். மாரப்பனத் திட்டி வரைங்க. அனுமதி தர்றேன். வரையாட்டி டேராவச் சுருட்டிக்கங்க."

சவுரியப்பனார் உள்ளதைச் சொன்னார். "வரையறனுங்க. ஆனா மாரப்பனே வந்து, தன்னையத் திட்டிப் போடச் சொல்லிக் கேட்டுட்டுப் போயிருக்காருங்க."

பெரியண்ணன் திடுக்கிட்டார். "அவரே கேட்டாரா?"

"அவரேதானுங்க."

"அப்ப திட்டினா அவருக்கு லாபமா?"

"தெரியலீங்க."

"புகழ்ந்து வரைஞ்சா?"

"அதுவும் தெரியலீங்க."

"நான் ஜெயிச்சது உங்க ஸ்லைடாலயா, இல்ல அது இருந்தும் ஜெயிச்சனா?"

"அது தெரிஞ்சா நான் நிம்மதியாத் தூங்குவனுங்க."

பெரியண்ணன் எழுந்தார், உட்கார்ந்தார், வெற்றிலையை எடுத்தார், போடாமலே வைத்தார். கடைசியில், யாருடைய முகத்தையும் திரையில் காட்டக்கூடாது என்று வாக்கு வாங்கிக்கொண்டு அனுமதித் தாளில் கையெழுத்திட்டார். ஆளுகிறவரும் தோற்றவரும் ஒருசேரக் குழம்பியதால் பிழைத்தது இந்த டேரா!

தாளோடு திரும்பிய சவுரியப்பனார், "அடுப்பப் பத்த வெய்யுங்க" என்று சொல்லிவிட்டு மணலில் உட்கார்ந்தார். நாங்கள் அவரைத் தூக்கிக்கொண்டு ஆடாத குறை. அவர் மட்டும் சிரிக்கவில்லை. ஏன் என்று தீர்த்தம்மாள் கேட்டார்.

"உதவுச்சா, கெடுத்துச்சான்னுதான் ரெண்டு பேரும் கேட்டாங்க. அந்த மனுசன் கெணத்த வளைக்கலை. வளைச்சாருன்னு நான் வரைஞ்சேன். இன்னிக்கு அவரு முன்னால நின்னும் எனக்கு மன்னாப்புக் கேக்க வாய் வரல. அனுமதிதான் கண்ணுல நின்னுச்சு."

ஐயா, இனித் தங்களை அயலாராக வைத்துப் பேச எங்களால் இயலவில்லை. அதற்குப்பின் ஆண்டுகள் பல சென்றன, அரசுகள் மாறின, தேசமே விடுதலை கண்டது. எதிராளியை ஏசி விளம்பரம் செய்தால் ஆள்வோர் வாழ்வரா வீழ்வரா என்ற கேள்விக்குத் தாங்களும் விடை காணவில்லை, நாங்களும் காணவில்லை. பெரியண்ணன் அவர்களை வீதியில் கண்டால் தாங்கள் சந்து மாறிப் போவதை மட்டும் நாங்கள் ஆண்டாண்டாய்க் கண்டு வந்தோம். எங்கள் பிள்ளைகள் பசியாமல் இருக்கத் தாங்கள் சுமந்த சுமை அது. அதைத் தங்களோடு வீட்டுக்கு அனுப்ப எங்களுக்கு மனம் வரவில்லை. எங்கள் அழைப்பை ஏற்று அவர் இதோ முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார். தாங்கள் கேட்க வாய் வராத மன்னிப்பை, தங்கள் அனுமதி கேளாமலே, இம்மடலில் அவர் காதில் போட்டுவிட்டோம்.

தங்கள் கண்ணொளி மங்காதிருக்க, கைந்நடுக்கம் அணுகாதிருக்க, இல்லத்தில் இன்பம் தங்கியிருக்க இறைவனை இறைஞ்சுகிறோம். மாலையை யார் முதலில் இடுவது என்று பலர் எழுந்து நிற்கிறார்கள். அழைக்கச் சென்றபோதே பெரியண்ணன் அவர்கள் கேட்டுக்கொண்டபடி, அவரே முதலில் மேடைக்கு வருகிறார். ஐயா, எழுந்து நில்லுங்கள்.

இங்ஙனம்,
தங்கள் பிரிவால் வாடும்
பூங்கொடி டூரிங் டாக்கீஸ் ஊழியர்கள்
மொட்டுப்பாறை டேரா, 1948