லியாக்கத் அலி வேண்டாமென்ற டர்போ

டீசல் எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவைப் பழசாகப் பார்த்து வாங்குவது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. பளபளப்பைப் பார்க்கக்கூடாது. பெட்ரோல் ஊற்றித் துடைத்தால் எந்த இரும்பும் பளபளக்கும். நடுவில் இருக்கும் தண்டை இரண்டு விரலால் பிடித்து ஆட்டிப் பார்க்க வேண்டும். பக்கவாட்டில் மயிரிழை ஆடினால் பரவாயில்லை. முன்னும் பின்னும் ஆடினால் வைத்துவிட்டு வந்துவிட வேண்டும். இந்தப் பத்து பகாட் ஊரில் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் இருபத்திரண்டு ஆண்டுகள் வேலை பார்த்தேன். பட்டறைக்காரர்களே என்னிடம் கொடுத்து, "அக்கா, நீங்க ஒரு தடவ ஆட்டிப் பாருங்க" என்பார்கள்.

நீங்கள் மலாயில் எழுதிக்கொள்ள வேண்டியிருக்கும், இன்ஸ்பெக்டர். நிதானமாகவே சொல்கிறேன்.

என் வீட்டுக்காரர் கனகராஜ் ஒரு டீசல் பிக்கப் வண்டி வைத்திருந்தார். இங்குள்ள தையல் தொழிற்சாலைகளிலிருந்து துணிக்கட்டுகளை ஜொகூர் பாருவுக்கும் கெலாங் பாத்தாவுக்கும் கொண்டுபோய் இறக்குவது அவர் தொழில். மூன்று ஆண்டுகளுக்கு முன்பு ஒரு மத்தியானம் அந்த பிக்கப் ஒரு செம்பனைக் காய் லாரியின் பின்னால் போய் மோதியது. இடது பக்கம் முழுவதும் நசுங்கிப்போனது. இடது பக்கத்தில் என் மகன் கவின் உட்கார்ந்திருந்தான். அவனுக்குப் பத்தொன்பது வயது. இவருக்கு மணிக்கட்டில் ஒரு வீக்கம், அவ்வளவுதான்.

லாரிக்காரன் சிக்னல் போடாமல் நிறுத்திவிட்டான் என்று இவர் போலீசிடம் சொன்னார். உறவுக்காரர்களிடமும் அதையே சொன்னார். லாரிக்காரன் மறுத்தான். பார்த்த சாட்சி யாருமில்லை. வழக்கு அப்படியே முடிந்தது.

என்னிடம் ஒரு குரல்பதிவு இருந்தது. மோதுவதற்குப் பதினாறு நிமிடத்துக்கு முன்னால் கவின் அனுப்பியது. "அம்மா, அப்பா தூங்கி தூங்கி விழறாரு. நான் ஓட்டறேன்னு சொன்னா விடமாட்டேங்கிறாரு. நீங்க போன் பண்ணி சொல்லுங்கம்மா." அந்த நேரம் கடையில் கூட்டம். நான் அதைக் கேட்டபோது எல்லாம் முடிந்திருந்தது. யாரிடமும் அதைக் காட்டவில்லை. காரியம் முடிந்த பிறகு ஒரே ஒரு முறை இவரிடம் கேட்டேன்.

"என்னங்க, தூங்கிட்டீங்களா?"

"உனக்கென்ன பைத்தியமா? அவன் சிக்னல் போடல. எத்தன தடவ சொல்றது?"

அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை. கவினின் உடலை வீட்டுக்குக் கொண்டுவந்தபோதும் நான் அழவில்லை. அழவேண்டாம் என்று நினைத்து அல்ல, அழுகை வரவில்லை. சாப்பாட்டில் உப்பு இருக்கிறதா என்று தெரியாது. மழை பெய்தால் துணி எடுக்கத் தோன்றாது. மூன்று ஆண்டுகள் அப்படித்தான் போயின.

வண்டியை இரும்புக்குப் போட்டுவிடுவார் என்று நினைத்திருந்தேன். அவர் அதைப் பட்டறைக்கு இழுத்துப்போய் நிமிர்த்தினார். இடது கதவுக்கு வேறொரு வண்டியின் வெள்ளைக் கதவை மாட்டினார். கோயிலில் பூஜை போட்டு, எலுமிச்சம்பழத்தை நசுக்கி, மறுபடியும் ஓட்ட ஆரம்பித்தார். கடைக்குப் போக மழை நாட்களில் நானும் அந்த இடது பக்கத்தில்தான் உட்கார்ந்து போனேன். அவர் ரேடியோ கேட்டுக்கொண்டு வருவார்.

இந்த ஆண்டு அந்த பிக்கப்பின் டர்போ போனது. மேடு ஏறும்போது விசில் மாதிரி சத்தம், இழுவையும் இல்லை. புதியது வாங்கிப் போடும் அளவுக்கு மதிப்புள்ள வண்டி அது இல்லை. இவர் சொன்னார்: "உனக்குத்தான் சாமான் தெரியுமே, புஷ்பா. லியாக்கத் அலிகிட்ட போயி நல்லதா ஒன்னு பாத்து வாங்கிட்டு வா. நானே மாட்டிக்கிறேன்."

லியாக்கத் அலி ஊருக்கு வெளியே பழைய வண்டிகளை வெட்டிச் சாமான் விற்பவர். அவர் இடத்தில் தகரக் கூரைக்குக் கீழே எஞ்சின்கள் வரிசையாக இருக்கும், வெளியே கதவுகளும் கண்ணாடிகளும் மலைமாதிரி கிடக்கும். எங்கள் வண்டிக்குப் பொருந்தும் டர்போ இரண்டு வைத்திருந்தார். இரண்டையும் ஆட்டிப் பார்த்தேன். ஒன்றில் ஆட்டமே இல்லை. மற்றதன் தண்டு முன்னும் பின்னும் நகர்ந்தது, இறக்கைகள் உறையைத் தொட்டுத் தேய்ந்திருந்தன, வாயில் எண்ணெய் கசிந்திருந்தது. அதன் மேல் சாக்குக்கட்டியால் ரோசாக் என்று எழுதியிருந்தார். கெட்டுப்போனது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

அந்தக் கெட்டதைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன்.

"அக்கா, அது வேணாம் லா" என்றார் லியாக்கத் அலி. "அத மாட்டினா எண்ணெய எஞ்சினுக்குள்ளயே தள்ளிடும், எஞ்சின் அந்த எண்ணெய எரிச்சே ஓடும். அப்புறம் சாவியத் திருப்பினாலும் எஞ்சின் நிக்காது. சும்மா உறைக்காகத்தான் வச்சிருக்கேன்."

"தெரியும் தம்பி. எங்க கடை முதலாளி உறை ஒன்னு கேட்டாரு. இதையே குடுங்க."

அவர் சாக்குப்பையில் சுற்றிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து முதல் வேலையாக அந்த எழுத்தைத் துடைத்தேன். வாயிலிருந்த எண்ணெயைப் பெயின்ட் கரைக்கும் தின்னர் ஊற்றிக் கழுவி வெயிலில் காயவைத்தேன். நல்ல டர்போ மாதிரியே ஆகிவிட்டது.

இவர் அதை மாட்டுவதற்கு முன்னால் என்னைக் கேட்டார்.

"ஆட்டிப் பாத்தியா?"

"பாத்தேன். நல்லா இருக்கு."

அவர் ஆட்டிப் பார்க்கவில்லை. என் விரலை நம்பினார்.

அவர் சாக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை, இன்ஸ்பெக்டர். வண்டி சாக வேண்டும் என்று நினைத்தேன். ஓடிக்கொண்டிருக்கும்போது அது தன்னிஷ்டத்துக்குக் கத்த வேண்டும், சாவியைத் திருப்பியும் நிற்காமல் அவர் பயப்பட வேண்டும், கவின் கடைசிப் பதினாறு நிமிடம் பயந்த மாதிரி. அதற்குமேல் நான் யோசிக்கவில்லை. யோசித்திருக்கலாம்.

ஆனால் அது உடனே போகவில்லை. ஒன்பது நாள் ஓடியது. மூன்றாம் நாள் இவர் சொன்னார், "பொக கொஞ்சம் வெள்ளையா வருது பாத்தியா?"

"பழசு மாட்டினா கொஞ்ச நாளு அப்படித்தான். போகப் போக சரியாயிடும்."

எண்ணெய் குறைவதைப் பார்த்தால் அவருக்குப் புரிந்துவிடும். அதனால் காலையில் அவர் குளிக்கப் போகும் நேரத்தில் நான் முன்மூடியைத் திறந்து, குறைந்த அளவுக்கு எண்ணெய் ஊற்றி வைத்தேன். ஒன்பது நாளும் ஊற்றினேன். பிறகு கையைக் கழுவிவிட்டு அவருக்குக் காப்பி கலந்தேன். இதை நீங்கள் கேட்கவில்லை. விட்டுவிட்டால் வாக்குமூலம் முழுமையாக இருக்காது.

ஒன்பதாம் நாள் அவர் கெலாங் பாத்தாவில் துணி இறக்கிவிட்டு, சிங்கப்பூரை இணைக்கும் இரண்டாம் பாலத்திலிருந்து வரும் நெடுஞ்சாலையில் ஏறினார். சாயங்காலம் ஐந்தரை. சிங்கப்பூரில் வேலை முடித்தவர்கள் மோட்டார் சைக்கிளில் திரும்பும் நேரம் அது. அந்த நேரம் எனக்குத் தெரியும். ஜொகூரில் யாருக்குத்தான் தெரியாது. காலையில் அவர் கிளம்பும்போது வழக்கம்போல எண்ணெய் ஊற்றியிருந்தேன்.

எஞ்சின் கத்தியது. சாவியைத் திருப்பினார், நிற்கவில்லை. பின்னால் வெள்ளைப் புகை சாலையை மூடிவிட்டது. அவர் பிரேக்கை அழுத்தி இடது பாதையிலேயே நிறுத்தினார். புகைக்குள் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து பின்னால் மோதியது. ஓட்டியது ஷர்மினி என்ற பெண். வயது இருபத்து நான்கு.

இவர் எனக்குப் போன் செய்தார்.

"புஷ்பா, ஒரு பொண்ணு. என் மடியிலதான் இருக்கு. பேச மாட்டேங்குது."

"ஆம்புலன்ஸ கூப்பிட்டீங்களா?" என்று கேட்டேன். கூப்பிட்டிருந்தார்.

அவருக்கு ஒரு கீறலும் இல்லை.

அன்று வீட்டுக்கு வந்து கூடத்தில் தரையில் உட்கார்ந்து அவர் அழுதார். "என்னாலதான். நான் ஒழுங்கா பாத்திருக்கணும். ஒரு புள்ளைய கொன்னுட்டேன்." மூன்று ஆண்டுகளாக நான் கேட்க ஆசைப்பட்ட சொல், வேறொரு பிள்ளைக்காக வந்தது. அன்றைக்கு எனக்குப் பசித்தது. இரண்டு தட்டு சோறு சாப்பிட்டேன். ரசத்தில் உப்பு கூடியிருந்தது தெரிந்தது.

மறுநாள் இருவரும் ஷர்மினியின் வீட்டுக்குப் போனோம். அவர் வாசலைத் தாண்டவில்லை, செருப்பு விடும் இடத்திலேயே நின்றுவிட்டார். நான் உள்ளே போனேன். அவள் அம்மாவிடம் யாரோ என் மகனைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்கள். அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "உங்களுக்குத் தெரியுங்கக்கா. இங்க வேற யாருக்கும் தெரியாது." நான் "தெரியும்மா" என்றேன். அவர் வெகுநேரம் கையை விடவில்லை. நானும் எடுக்கவில்லை.

டர்போவை எங்கே வாங்கினீர்கள் என்று உங்கள் ஆட்கள் கேட்டபோது, "நானேதான் வாங்கினேன், எங்கேன்னு ஞாபகம் இல்ல" என்று இவர் சொல்லியிருக்கிறார். என்னை இழுக்கக்கூடாது என்று நினைத்திருப்பார். அது அவர் குணம். நானும் திருத்தவில்லை. பதினொரு வாரம் திருத்தவில்லை. போன வாரம் வரைக்கும் தினமும் அவர் அழுதார். நான் பக்கத்து அறையில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். ஏழாவது வாரம் கவினைப் பற்றியும் சொன்னார். கேட்காமலேயே சொன்னார்.

"அன்னைக்கு நான் தூங்கிட்டேன், புஷ்பா. அவன் ஓட்டறேன்னுதான் சொன்னான். நான்தான் விடல. உன் முகத்தப் பாத்து சொல்ல எனக்கு தைரியம் இல்ல."

"சரிங்க" என்றேன்.

அப்போதே நான் இங்கே வந்திருக்க வேண்டும் என்று நீங்கள் நினைப்பீர்கள். எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. ஆனால் அவர் இன்னும் அழுதுகொண்டிருந்தார், எனக்கும் நன்றாகப் பசித்துக்கொண்டிருந்தது.

போன வாரம் அவர் மாறிவிட்டார். வழக்கறிஞரிடம் போய், எல்லாக் குற்றத்தையும் ஒப்புக்கொள்கிறேன், என்ன தண்டனை கொடுத்தாலும் சரி என்று சொல்லிவிட்டு வந்தார். ஷர்மினியின் அம்மாவைப் பார்த்து மன்னிப்புக் கேட்டாராம். அந்த அம்மா தண்ணீர் கொடுத்து உட்காரச் சொன்னாராம். அன்று வீட்டுக்கு வந்து முகம் கழுவி, திருநீறு பூசி, நாலு தோசை சாப்பிட்டார். "மனசு லேசாயிடுச்சு, புஷ்பா" என்றார். அந்த நாளிலிருந்து அவர் அழவில்லை. முகத்தில் ஒரு தெளிவு வந்திருக்கிறது. நான்கு நாள் அந்த முகத்தைப் பார்த்தேன், எனக்குப் பசிக்கவில்லை. ஐந்தாம் நாள் பேருந்து ஏறி இங்கே வந்துவிட்டேன்.

டர்போ வாங்கியது நான். கெட்டது என்று தெரிந்தே வாங்கியது நான். துடைத்ததும், பொய் சொன்னதும், ஒன்பது நாள் எண்ணெய் ஊற்றியதும் நான். ஷர்மினியைக் கொன்றது நான். அவர் நிரபராதி. அவரை நேரில் கூப்பிட்டு, உட்காரவைத்து, நான் சொன்ன ஒவ்வொன்றையும் விடாமல் படித்துக் காட்டுங்கள். காப்பி கலந்ததையும் சேர்த்துப் படியுங்கள்.

அவர்மேல் எனக்கு இப்போது எந்தக் கோபமும் இல்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள், இன்ஸ்பெக்டர்.