முன் இடது இருக்கை

பழைய காரின் உட்புறத்தைத் திருத்தப் போகிறவர் முதலில் கூரைத் துணியைக் கழற்ற வேண்டும். பலர் இருக்கையில் தொடங்குகிறார்கள். அது பிழை. கூரையிலிருந்து விழும் தூசி எல்லாம் புதிய இருக்கையில்தான் வந்து படியும்.

நடந்ததை எழுத்தில் தரும்படி, பிணக்குத் தீர்க்கும் இணக்கசபையின் தலைவர் தவராசா ஐயா கேட்டிருக்கிறார். சென்ற சனிக்கிழமை நான் வாயால் சொல்லத் தொடங்கியபோது மாமி அழுதார். மாமா கதிரையைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். எழுதுவது நல்லது. குறுக்கே யாரும் பேச முடியாது.

என் பெயர் பிரதாபன். வயது முப்பத்திரண்டு. நெளுக்குளத்தில் இருக்கிறேன். கணிய அளவையாளன். ஒரு கட்டடத்துக்கு எத்தனை கல், எத்தனை பை சீமெந்து, எவ்வளவு மணல் போகும் என்று கட்டுவதற்கு முன்பே சொல்வது என் தொழில். என் மனைவி சுதாஜினி இறந்து பதினாறு மாதங்களாகின்றன. என்மேல் முறைப்பாடு கொடுத்திருப்பவர் அவளுடைய தகப்பன், என் மாமா, புளியங்குளம் கனகலிங்கம். காரை ஒருவரும் ஏறி இருக்க முடியாத நிலையில் நான் திருப்பிக் கொடுத்ததாக முறைப்பாட்டில் எழுதியிருக்கிறார். இது சரியல்ல. எல்லோரும் இருந்தார்கள். எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றுதான் சொன்னார்கள்.

கார் 1984ஆம் ஆண்டுச் செலிகா. சிவப்பு. இரண்டே கதவு. ஆளியை அழுத்தினால் முன்விளக்குகள் மூடியைத் திறந்துகொண்டு மேலே எழும்பும். பின்னால் பேருக்கு ஓர் இருக்கை. அதில் இருப்பவரின் முழங்கால் நாடியில் முட்டும். சுதாஜினியின் தாய்மாமன் கொழும்பில் ஓட்டிய வண்டி. அவர் கனடாவுக்குப் போகும்போது மருமகளுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். எங்கள் கல்யாணத்தில் அது சீதனமாக வந்தது. எங்கள் பக்கத்தில் சீதனமாக வயல் வரும், உழவு இயந்திரம் வரும். எனக்கு ஸ்போர்ட்ஸ் கார் வந்தது. நெளுக்குளத்தில் இரண்டு கிழமை வேறு பேச்சு இருக்கவில்லை.

வெளியே அழகு. உள்ளே டாஷ்போட் ஆவணி மாதத்து வயல்போல வெடித்திருந்தது. கூரைத் துணி தொங்கி என் தலையைத் தடவியது. இருக்கைகளின் ஸ்பொஞ்ச் மஞ்சள் மாவாக உதிர்ந்தது. இறங்கும்போதெல்லாம் சுதாஜினியின் உடுப்பின் பின்பக்கம் மஞ்சளாக இருக்கும்.

"இஞ்சேரப்பா, இந்தக் கார் கிழமைக்கு ரெண்டு தரம் எனக்கு மஞ்சள் பூசி, பெரியபிள்ளையாக்கிச் சாமத்தியவீடு செய்யுது" என்றாள்.

வீட்டிலேயே திருத்துவதென்று முடிவு செய்தோம். கடும்சிவப்பு றெக்சினை அவள் தெரிவு செய்தாள். சாய்மானத்தில் மேலிருந்து கீழாக ஏழு வரி. ஒவ்வொரு வரியும் குழாய்போல உருண்டிருக்க வேண்டும் என்றாள். சாரதி இருக்கையைத் தன் தையல் மெசினில் தானே தைத்து முடித்தாள். இடப்பக்க இருக்கை வேலையைப் பிறகுக்கு வைத்தாள்.

"அது நான் இருக்கிற இடம். ஆறுதலா வடிவாத் தைக்க வேணும்."

பிறகு காய்ச்சல் வந்தது. ஐந்தாம் நாள் இறந்தாள். அதைப்பற்றி எழுத என்னிடம் வேறொன்றும் இல்லை.

சுடலையில் காடாத்தி எடுத்த சாம்பலை மண்முட்டியில் இட்டு, வாயைத் துணியால் கட்டி என் கையில் தந்தார்கள். முப்பத்தோராம் நாள் கீரிமலைக் கடலில் கரைக்கும்வரை அதை வைத்திருக்க வேண்டும்.

"முட்டியை வீட்டுக்குள்ளை எடுக்கக்கூடாது தம்பி" என்றார் மாமி. "வெளியாலை எங்கையாவது கட்டித் தூக்குங்கோ. மழை படாத இடமாப் பாருங்கோ."

எங்கள் வளவில் வீட்டுக்கு வெளியே மழை படாத இடம் ஒன்றுதான் உண்டு. கார்க் கொட்டில். அதன் கூரை வளையில் கட்டித் தூக்கினேன். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு இருந்தால் நேரே கண்ணுக்குத் தெரியும். அந்த இடத்துக்கு முட்டி வந்தது என் யோசனையால் அல்ல என்பதைச் சபை குறித்துக்கொள்ளலாம்.

எட்டாம் நாள் எட்டுச் செலவு முடிந்து சனம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மாமா என் பக்கத்தில் வந்து அமர்ந்தார்.

"தம்பி, குறை நினையாதேங்கோ. பிள்ளை குட்டி இல்லாமல் போட்டாள். அப்பிடியெண்டால் சீதனம் தாய்வீட்டுக்குத் திரும்ப வேணும். தேசவழமை அது. நான் எழுதின சட்டமில்லை."

"ஓம் மாமா."

"சின்னவளுக்கும் ஒரு பேச்சு வந்திருக்கு. வருசம் போய் ஆட்டைத் திவசம் முடியச் செய்வம் எண்டு யோசினை. பெடியனுக்குக் கார் எண்டால் விசர்."

சின்னவள் என்பது சுதாஜினியின் தங்கை சிவதர்சினி. பெடியன் கிளிநொச்சியில் வேலை பார்க்கும் கிருசாந்தன்.

"உள்வேலை பாதியிலை நிக்குது மாமா. கல்யாணத்துக்கு முதல் முடிச்சுத் தாறன்."

மாமா சுற்றியிருந்தவர்களைப் பார்த்தார். "கண்டியளே? படிச்ச பிள்ளை எண்டால் இப்பிடித்தான்."

எனக்குக் காரின்மேல் ஆசை இருக்கவில்லை. மனைவியுடன் தொடங்கிய வேலையை முடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

முறையாகச் செய்தேன். கூரைத் துணியைக் கழற்றி, பழைய பசையைச் சுரண்டி, புதிய துணியைச் சுருக்கமில்லாமல் ஒட்டினேன். தரைக் கம்பளத்தைத் தூக்கினால் கீழே வெறும் தகரம். சத்தம் வராமலிருக்கத் தார் விரிப்பு ஒட்டினேன். டாஷ்போட் வெடிப்புகளை நிரப்பி, தேய்த்து, கறுப்பு அடித்தேன். ஸ்டியரிங்குக்குத் தோல் சுற்றிக் கையால் தைத்தேன். மூக்கை வைத்து மணந்து பார்த்தால் புதுக் கார்.

முப்பத்தோராம் நாள் வாடகை வான் பிடித்துக் கீரிமலைக்குப் போனோம். முட்டி என் மடியில் இருந்தது. காற்றில் ஒரு பொட்டும் பறக்கக்கூடாதென்று மாமி வழி முழுவதும் அதன் வாயைக் கையால் பொத்திக்கொண்டே வந்தார். கிரியை முடிந்து, இடுப்பளவு தண்ணீரில் நின்று நான் கவிழ்த்தேன். சாம்பல் போகவில்லை. மிதந்தது. அலை அதை எங்களிடமே திருப்பிக் கொண்டுவந்தது. என் வேட்டியில் ஒட்டியது. ஐயர் தண்ணீரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு வேறு எங்கோ பார்த்தார்.

"பிள்ளைக்குப் போக மனமில்லை" என்று சொல்லி மாமா விம்மினார்.

மாமி சேலையோடு இறங்கிவந்து இரண்டு கையாலும் தண்ணீரைத் தள்ளினார். "போ ராசாத்தி. அம்மா சொல்லுறன், போ."

நானும் தள்ளினேன்.

உமிச் சாம்பல் மிதக்கும். இதை நான் முன்கூட்டியே யோசித்திருக்க வேண்டும். அளவு சரி. நிறம் சரி. வயல் நத்தையின் ஓட்டைச் சுட்டு நொறுக்கிக் கலந்ததால் வெள்ளைத் துண்டுகளும் சரி. அடர்த்தியை மறந்துவிட்டேன். பல்கலைக்கழகம் வரை போனவன் விடக்கூடாத பிழை. ஆனாலும் உமி மாமாவின் வயலிலிருந்து வந்தது. நத்தையும் அதே வயல். அந்த வகையில் அவர்கள் கரைத்தது முற்றிலும் அந்நியமான ஒன்றல்ல.

சுதாஜினி கொட்டிலில், மூடி இறுக்கமான ஒரு பால்மாத் தகரத்தில் இருந்தாள். ஒரு கிலோ எண்ணூறு கிராம். அரிதட்டில் இரண்டு தரம் அரித்தேன். மெல்லிய பருத்தித் துணியில் ஏழு நீளப் பைகள் தைத்து, அளந்து நிரப்பி, வாயைத் தைத்தேன். ஏழு வரிக்கு ஏழு. வரிகளுக்கு அந்த உருட்சி ஸ்பொஞ்சில் மட்டும் வந்திருக்காது.

ஒன்றை இங்கே தெளிவாக்க வேண்டும். சென்ற சனிக்கிழமை மாமா, "என்ரை பிள்ளைக்கு மேலை எல்லாரையும் குந்த வைச்சவன்" என்றார். அது உண்மையல்ல. நான் பைகளை வைத்தது சாய்மானத்தில் மட்டும். குந்தும் பகுதியில் ஸ்பொஞ்ச் தவிர வேறொன்றும் இல்லை. யாரும் அவள்மேல் குந்தவில்லை. சாய்ந்தார்கள். இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு. அதை யோசித்துத்தான் செய்தேன்.

ஆட்டைத் திவசம் முடிந்து, கல்யாணத்துக்கு ஒரு கிழமை இருக்கும்போது காரைப் புளியங்குளத்துக்கு ஓட்டிப்போய்க் கொடுத்தேன். எல்லோரும் முறை வைத்து ஏறிப் பார்த்தார்கள். மாமா சாய்மானத்தில் இரண்டு தட்டுத் தட்டினார். "நல்ல தடிப்பு" என்றார். மாமிக்கு நாரி நோவு, முதுகு நிமிராது. சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு, "என்ன இதமாக் கிடக்குது தம்பி. எழும்ப மனம் வருகுதில்லை" என்றார். அவர் எழும்பச் சிறிது நேரம் பிடித்தது. நான் அவசரப்படுத்தவில்லை.

கிருசாந்தன் வரிகளைத் தடவிப் பார்த்தான். "அண்ணை, கொம்பனியிலை செய்த மாதிரியெல்லோ கிடக்குது. உள்ளுக்கை என்ன போட்டனீங்கள்?"

"உள்ளூர்ச் சாமான்தான்" என்றேன். அது பொய்யல்ல.

கல்யாணத்தன்று சிவதர்சினி கூறைச் சேலையோடு அந்த இருக்கையில் அமர்ந்துதான் கோயிலிலிருந்து வீட்டுக்குப் போனாள். அக்காவும் தங்கையும் அவ்வளவு நெருக்கமாக இருந்து ஒரு வருடத்துக்கு மேலாகியிருந்தது. நான் பின்னால் மோட்டார் சைக்கிளில் போனேன். இருவரின் தலைமயிரும் ஒரே கறுப்பு. கண்ணாடிக்கூடாகப் பார்த்தால் வித்தியாசம் தெரியாது.

மூன்று கிழமை விட்டேன். மாமா வீட்டில் புதுத் தம்பதிகளுக்கு விருந்து. என்னையும் அழைத்திருந்தார்கள். ஊர்க்கோழி. சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு சொன்னேன். சாப்பாட்டுக்கு முன் சொல்வது மரியாதையல்ல. வரிசைப்படி சொன்னேன்: உமி, நத்தை, தகரம், ஏழு பை.

கிருசாந்தன் சிரித்தான். "அண்ணை, பகிடி விடாதேங்கோ."

"இல்லைத் தம்பி. சாய்மானத்தின்ரை பின்பக்கம் இழுத்துத் திறக்கிற சிப் ஒண்டு வைச்சிருக்கிறன். வேணுமெண்டால் திறந்து பாருங்கோ."

ஒருவரும் திறக்கப் போகவில்லை. மாமா கிணற்றடிக்குப் போய்த் தலையில் தண்ணீர் ஊற்றினார். சிவதர்சினி கையைப் பின்னால் கொண்டுபோய்த் தன் முதுகைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"அத்தான்" என்றாள், "அக்கா உங்களுக்கு என்ன செய்தவா?"

"ஒண்டும் செய்யேல்லை" என்றேன். அதுவும் உண்மை.

மாமி மட்டும் வெளியே போனார். காரின் இடப்பக்கக் கதவைத் திறந்து, நிலத்தில் அமர்ந்து, அந்தச் சாய்மானத்தைக் கட்டிப்பிடித்தார். அந்தப் பகுதியை மட்டும் நான் முன்கூட்டியே கணக்கிட்டிருக்கவில்லை.

அன்றிலிருந்து கார் மாமாவின் முற்றத்தில் முருங்கைக்குக் கீழே நிற்கிறது. கிருசாந்தன் அன்றைக்கே மனைவியைப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு கிளிநொச்சிக்குப் போய்விட்டான். பின்னேரங்களில் மாமி இடப்பக்கக் கதவடியில் விளக்கு வைக்கிறார். புளியங்குளம் முழுவதற்கும் தெரியும் என்பதால் வாங்க ஆளில்லை. இரண்டு கண்ணாடியும் இறக்கியபடி இருக்கின்றன. மழைக்கு யாரும் ஏற்றவில்லை. கூரைத் துணி நனைந்தால் பசை விட்டுவிடும். இதை மாமாவுக்கு இரண்டு தரம் தொலைபேசியில் சொன்னேன். அவர் வைத்துவிட்டார். பதிவுப் புத்தகம் அவர் கையில் இருக்கிறது. கார் அவ்விடத்திலேயே துருப்பிடித்து உக்கட்டும், அவன் மட்டும் அதைத் தொடக்கூடாது என்று பார்க்கிறவர்களுக்கெல்லாம் சொல்கிறாராம்.

சபையில் தவராசா ஐயா என்னிடம் கேட்டார்: "திட்டம் போட்டே செய்தனீர்?"

ஓம். எட்டுச் செலவுக்கு மறுநாளே அளவுப் புத்தகத்தில் எழுதிவிட்டேன். கணக்குச் சிறியது. காரைக் கொடுக்க மறுத்தால் வழக்கு வரும், தோற்பேன். கொடுத்தால் அதில் ஓடித் திரிவார்கள். கொடுத்து, ஓடவைத்து, பிறகு சொன்னால் ஒருவரும் ஏறமாட்டார்கள். விற்க முடியாது. எரிக்கவும் மனம் வராது, ஏற்கெனவே ஒருமுறை எரித்தாகிவிட்டது. கூசாமல் அதில் ஏறக்கூடியவன் உலகத்தில் ஒருவன்தான். ஆகவே அவனிடமே திரும்பி வரும். இதில் மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் இதையெல்லாம் நான் செய்தது காருக்காக அல்ல. அவளை விட்டுப் பிரிய முடியாததால். இதைச் சபை நம்ப வேண்டும்.

மாமி சபையில் சொன்னது ஒன்றுதான். "எனக்குக் கார் வேண்டாம் ஐயா. பிள்ளையைத் தாங்கோ. கடலிலை விடவேணும்."

இரண்டு பகுதியும் ஏதாவது விட்டுக்கொடுத்தால்தான் இணக்கம் வரும் என்று தவராசா ஐயா சொன்னார். ஒரு கிழமை யோசித்தேன். மாமி கேட்பது நியாயம். முன் இடது இருக்கையை அப்படியே அவர் எடுத்துக்கொள்ளட்டும். நான்கு நட்டுத்தான்; நானே வந்து கழற்றித் தருகிறேன். மற்றதெல்லாம் எனக்கு வரட்டும். அந்த இடம் வெறுமையாகிவிடுமே என்று யாரும் வருந்த வேண்டியதில்லை. அதே சிவப்பில், அதே ஏழு வரியில், இன்னோர் இருக்கை போன மாதமே தைத்து வைத்திருக்கிறேன்.