களவாணிக் காவல்

அது ராசாக்க காலம். நம்ம குருவிக்கணவாய்க்கு அந்தப் பக்கம் வேற சீமை, இந்தப் பக்கம் நம்ம ராசா சீமை. நம்ம ராசா செத்துப்போனாரு. மக்கமாரு ரெண்டு பேரும் பட்டத்துக்கு அடிச்சுக்கிட்டாக. கணவாய்க் காவல்ல இருந்த ஆளுகள்ல பாதியை அண்ணன்காரன் பிடிச்சிட்டுப் போனானாம். மீதியைத் தம்பிக்காரன் பிடிச்சிட்டுப் போனானாம். போனவுக போனவுகதான், ஒருத்தரும் திரும்பலை. அதை நினைச்சா எனக்கு இப்பவும் வயிறு எரியுது.

மிஞ்சினது யாரு? நம்ம பாட்டனுக்குப் பாட்டன் மொக்கையன். காவலுக்குத் தலைவரு. ஒரு காலு விளங்காது, அதனால விட்டுட்டாக. ஆனா உத்தரவு மட்டும் கறாரு: ஊரு மாடு ஒண்ணு எல்லை தாண்டினாலும் மொக்கையன் தலை இருக்காது.

மலைக்கு அந்தப் பக்கம் சடையாண்டின்னு ஒரு களவாணி. காவல் இல்லைன்னு தெரிஞ்சதும் அவன் கூட்டம் இருட்டுக்குக்கூடக் காத்திருக்கலையாம். பட்டப்பகல்ல, கல்யாண வீட்டுக்கு வர்ற மாதிரி பேசிச் சிரிச்சுக்கிட்டு வந்தாகளாம்.

மொக்கையன் பாதைக்குக் குறுக்கே உக்காந்துக்கிட்டாரு.

"வாப்பா சடையாண்டி. உன்னையத்தான் தேடிக்கிட்டு இருந்தேன். காவலுக்கு ஆளு பத்தலை. உன் ஆளுகளை விடேன்."

"யாருகிட்ட இருந்துய்யா காக்கணும்?"

"உன்கிட்ட இருந்துதான்!"

சடையாண்டி சிரிச்சானாம், சிரிச்சானாம், கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும் சிரிச்சானாம்.

"சிரி, நல்லாச் சிரி. மாட்டை ஓட்டிட்டுப் போனா இந்த வருசம் மட்டும் திம்பே. காவலுக்கு நின்னா எங்க வெள்ளாமையில வருசா வருசம் பங்கு. உன் பிள்ளைக வயிறு நிறையும்ல?"

அவன் மலையில அந்த வருசம் கிழங்குகூடக் கிடைக்கலையாம். சிரிப்பை நிறுத்தினான். அப்படியே திரும்பி, மலையைப் பாத்துக் காவலுக்கு நின்னுக்கிட்டானாம். பின்னால வந்தவுகளும் நின்னாகளாம். அதுக்கப்புறம் ஒரு கன்னுக்குட்டிகூடக் களவு போகலை.

சேதி அரண்மனைக்கு எட்டாம இருக்குமா? அண்ணன்காரனோட தளபதி குதிரையில வந்து இறங்கினான். "இத்தனை காவக்காரங்களை ஒளிச்சா வச்சிருக்க? எல்லாரையும் கிளப்பு சண்டைக்கு!"

மொக்கையனுக்கு உசுரே இல்லை. இவுகளும் போனா மாடு போகும், தலை போகும். இவுக பிள்ளைகளும் அப்பன் முகத்தைப் பாக்காது.

"சாமி, இவுக காவக்காரங்க இல்லை. களவாணிக."

"களவாணியவா காவலுக்கு வச்சிருக்க?"

"நல்லவுகளையெல்லாம் நீங்க கூட்டிட்டுப் போயிட்டீகளே சாமி. வேற யாரு இருக்கா?"

"பொய் சொல்ற! களவாணின்னு நான் எப்படி நம்புறது?"

சடையாண்டி கையைக் கட்டிக்கிட்டு ரொம்பப் பவ்யமாச் சொன்னானாம்: "சாமி வந்த குதிரையைக் கொஞ்சம் பாருங்க."

திரும்பிப் பாத்தா குதிரையும் இல்லை, கட்டின கயிறும் இல்லை!

இதுகளைப் படையில சேத்தா ராசா கிரீடமே மிஞ்சாதுன்னு பயந்து, அந்தத் தளபதி கொதிக்கிற வெயில்ல நடந்தே ஊரு போய்ச் சேந்தானாம். சடையாண்டி ஆளுக அத்தனை பேரும் பேரன் பேத்தி எடுத்துத்தான் கண்ணை மூடினாக.

அதனாலதான், அறுப்பு முடிஞ்சதும் மொத நெல்லு மலைக்காரவுகளுக்குப் போகுது. கணவாய்ப் பொங்கலுக்கு எந்தப் பெரிய அதிகாரி வந்தாலும், அவரு வண்டியை மலைக்காரவுக கடத்திக்கிட்டுப் போய் ஒளிச்சு வைக்கிறாக. போன வருசம் தாசில்தாரு ஜீப்பு போச்சு. பாவம், புது மனுசன், கத்து கத்துன்னு கத்தினாரு. ஊரே கூடிச் சிரிச்சுக்கிட்டுச் சொன்னோம்:

"நடங்க சாமி, நடங்க. நீங்க நடந்து போனாத்தான் எங்க பிள்ளைக வீட்டுல இருக்கும்."