டாண்டலம் குடிக்காது

— ஒரு வாய்தான்மா கேக்கறேன். நாக்கு அண்ணத்துல ஒட்டிக்குது.

— டாக்டர் சொல்லட்டும் மாமா. வயித்தைக் கிழிச்சுத் தைச்சிருக்காங்க. அவர் சொல்லாம ஒரு சொட்டு தர முடியாது.

— அப்புறம் அந்த டம்ளரை எதுக்கு என் கண்ணு முன்னாடி வச்சிருக்க?

— எனக்குத் தாகமா இருந்துச்சு. குடிச்சிட்டு மிச்சத்தை வச்சேன். தள்ளி வைக்கவா?

— வேணாம். பார்த்துக்கிட்டாவது கிடக்கறேன்.

— பாருங்க, தாராளமா பாருங்க. பாக்கறதுக்குத் தடையில்ல.

— டாண்டலம், உனக்கு வாய் ரொம்பத்தான் நீண்டு போச்சு.

— அடேயப்பா! வாய் வறண்டு கிடந்தாலும் அந்தப் பேரு மட்டும் வழுக்கிக்கிட்டு வருது. உங்க லேப்ல படிக்க வந்து, அப்புறம் உங்க வீட்டுக்கே மருமகளா வந்து எத்தனை வருஷம் ஆச்சு? என் சொந்தப் பேரைச் சொல்லி ஒரு நாளாவது கூப்பிட்டிருக்கீங்களா?

— உனக்கு மட்டுமா வச்சேன்? என் லேப்ல சேர்ற எல்லாருக்கும் முதல் நாளே லேப் கோட்டுல பேரு தச்சுக் கொடுத்துடுவேன். கிரேக்கக் கதையில ஒரு ஆளு, அதே பேருல அட்டவணையில ஒரு தனிமம். ஜென்மத்துக்கும் மறக்காது பாரு.

— எப்படி மறக்கும்? பெத்த குழந்தையைப் பறிகொடுத்துட்டு மறு வாரமே வேலைக்கு வந்தாளே ஒருத்தி. பிப்பெட்டைப் பிடிச்சுக்கிட்டே அழுதா. அவ கோட்டுல இருந்த பேரைப் பிரிச்சுட்டு நியோபியம்னு மாத்தித் தச்சீங்க.

— கதையில வர்ற நியோபிங்கறவளும் பிள்ளைங்களைப் பறிகொடுத்துட்டு, கல்லாகிற வரைக்கும் அழுதவதானே? பொருத்தமா இருந்துச்சு.

— பொருத்தமாம்! அப்ப நெஞ்சுல ஈரம் இல்ல, இப்ப நாக்குலயும் இல்ல. சரியாத்தான் இருக்கு.

— தண்ணியைக் குடும்மா. அப்புறம் எவ்வளவு வேணா திட்டிக்க.

— இருங்க, என் பேருக்கு வரேன். முதல் நாள் நீங்க சொன்னது ஞாபகம் இருக்கா? டாண்டலஸ் கழுத்தளவு தண்ணியில நிப்பான், குடிக்கக் குனிஞ்சா தண்ணி கீழ இறங்கிடும். டாண்டலம்ங்கற உலோகமும் அந்த மாதிரிதான், அமிலத்துல முக்கி வச்சாலும் ஒரு சொட்டு குடிக்காதுன்னீங்க. நான் மடச்சி, வீட்ல போய்ப் பெருமையா சொன்னேன்.

— நல்ல விளக்கம்தானே?

— தீசிஸை முடிச்சுக் கொண்டு வந்து நின்னா, "இன்னும் ஒரே ஒரு ரீடிங் எடுத்துட்டு வா, கையெழுத்து போடறேன்"ம்பீங்க. எடுத்துட்டு வந்தா இன்னும் ஒண்ணு. அப்புறம் இன்னும் ஒண்ணு. எனக்குப் பின்னாடி வந்ததுங்க எல்லாம் பட்டம் வாங்கிட்டுப் போச்சு. நான் மட்டும் அதே மேஜையில கிடந்தேன்.

— உன் வேலையில ஒண்ணு குறைஞ்சுது. அவ்வளவுதான்.

— என்ன குறைஞ்சுதுன்னு ஒரு நாளும் சொல்லலையே! உங்க பையன் என்னைக் கட்டிக்கறேன்னு வந்தப்ப, இனிமேலாவது போடுவீங்கன்னு நினைச்சேன் பாருங்க, என்னைச் சொல்லணும்.

— மருமகளுக்குப் போட்டா நாலு பேரு என்ன பேசுவாங்க? எனக்குன்னு ஒரு கௌரவம் இருக்குல்ல.

— அந்தக் கதையில பாதியை மறைச்சுட்டீங்க, சார்.

— பாரு, உனக்குக் கோவம் வந்தா நான் மாமா இல்ல, 'சார்' ஆயிடறேன்.

— டாண்டலஸுக்கு எதுக்கு அந்தத் தண்டனை? பெத்த பிள்ளையைக் கறி சமைச்சு விருந்தாளிங்களுக்குப் போட்டவன் அவன். எங்க கல்யாண மேடையில மைக்கைப் பிடிச்சு, "என் பரிசோதனைகள்லயே தோத்தது இவன் ஒருத்தன்தான்"னு உங்க பையனைக் காட்டிச் சொன்னீங்களே. வந்தவங்க எல்லாம் கைதட்டிச் சிரிச்சாங்களே. அந்த மனுஷன் அன்னிக்குச் சாப்பிடாமலே படுத்தார். அந்தப் பேரு என்னோடது இல்ல, சார். உங்களோடது.

— சரி, என்னோடதுன்னே வச்சுக்க. தண்ணியைக் குடு. கெஞ்சறேன்.

— என்ன சொன்னீங்க? சரியா கேக்கல.

— கெஞ்சறேன்மா.

— இன்னும் ஒரே ஒரு தடவை, சார். கண்டிப்பா தந்துடறேன்.

— கெஞ்சறேன்.

— இப்ப கேட்டுக்கங்க. டாக்டர் காலையிலேயே வந்துட்டுப் போயிட்டார். கொஞ்சம் கொஞ்சமா தண்ணி கொடுக்கலாம்னு சொல்லிட்டுத்தான் போனார். பொழுது சாயற வரைக்கும் தராம இருந்தது நான்தான். எரியுதா? நல்லா எரியட்டும். எனக்கு எரிஞ்சதுல கால்வாசி கூட இருக்காது. என்ன சார் சிரிக்கறீங்க? தையல் விட்டுடப் போகுது!

— அவர் வாசல்ல நின்னு உன்கிட்ட சொன்னது எனக்கும் கேட்டுச்சும்மா. நர்ஸைக் கூப்பிடற மணி இதோ, என் கைக்கு அடியிலதான் இருக்கு.

— அப்ப ஏன் அடிக்கல?

— நீ எவ்வளவு தூரம் போவேன்னு பார்த்தேன். டம்ளரைக் கீழ வை. வீட்டுக்குப் போய் அந்தத் தீசிஸைத் தேடி எடுத்துட்டு வா. நான் கேட்ட ரீடிங் கிடைச்சுடுச்சு, கையெழுத்து போடறேன்.